பாயிசன், வெனம்: லத்தீன் யார் பக்கம்?

வேர்தேடி:
ஆங்கிலத்தில் பாயிசன், வெனம் இரண்டுமே நஞ்சுதான்; ஆனாலும் பாம்பை "வெனமஸ்" என்று எழுதாமல் "பாயிசனஸ்" என்று எழுதினால் எனக்குப் பொறுக்காது. லத்தீன் "போட்டியோ" பிரெஞ்சு வழியாக வந்து பாயிசன் ஆனது. பொருள், பானம். மருந்துப் பானத்தைக் குறிக்கும் போஷன் என்பதும் அதே சொல்தான். குடித்தால் கொல்வது பாயிசன், கடித்தால் கொல்வது வெனம். லத்தீனே பிரித்துக் கொடுத்துவிட்டது.

சொல்லாடி:
வேறுபாடு சரி, நீங்கள் சொல்லும் காரணம்தான் தவறு. வெனம் வந்தது "வெனேனம்" என்ற சொல்லிலிருந்து. அதில் கடியும் இல்லை, பல்லும் இல்லை. காதல் தெய்வம் வீனஸின் பெயரோடு உறவுள்ள சொல் அது. முதலில் வசிய மருந்தைக் குறித்திருக்கும் என்பது பல மொழியியலாளர்களின் கருத்து. ரோமில் கோப்பையில் கலந்து கொடுத்த நஞ்சுக்கும் அதே பெயர்தான். சட்ட அறிஞர் காயுஸ் என்ன சொல்கிறார் தெரியுமா? வெனேனம் என்று சொல்பவர் அது நல்லதா கெட்டதா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம், மருந்தும் வெனேனம்தான் என்பதால். இதில் பாம்பு எங்கே வந்தது?

வேர்தேடி:
சரி, காயுஸ் சொன்னது எனக்குப் புதிது. வெனத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் பாயிசனில் "குடிப்பது" இருக்கிறதே, அதை அசைக்க முடியாது.

நாணொலி:
நடுவில் வருகிறேன். நச்சுத்தன்மை உள்ளதைக் குறிக்கும் டாக்சிக் என்ற சொல்லைப் பாருங்கள். கிரேக்கத்தில் "டாக்சான்" என்றால் வில். அம்பில் தடவும் நஞ்சு டாக்சிகான், அதுவே லத்தீனில் டாக்சிகம். வேரைப் பிடித்துக்கொண்டால் ரத்தத்தில் நேராக ஏறுவதுதான் டாக்சிக். ஆனால் இன்று ஆலைக் கழிவையும் அப்படித்தான் சொல்கிறோம்.

சொல்லாடி:
வைரஸும் அப்படித்தான். லத்தீனில் அதற்கு நஞ்சு என்று பொருள், சமஸ்கிருத "விஷ"த்துக்கு உடன்பிறப்பு. 1898இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பெய்ஜெரிங்க் புகையிலை இலையின் நோய்க்காரணியை அந்தப் பெயரால் அழைத்தார். இன்று வைரஸ் என்றால் யாருக்கும் பாம்பு நினைவுக்கு வருவதில்லை. பல்லோ கொடுக்கோ குத்தி உள்ளே செலுத்தினால் வெனம், விழுங்கியோ தொட்டோ ஏறினால் பாயிசன் என்பது உயிரியலாளர்கள் போட்ட கோடு. நல்ல கோடு, நானும் அதையே பின்பற்றுகிறேன்.

வேர்தேடி:
"தொட்டோ" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

சொல்லாடி:
கொலம்பியக் காட்டில் உள்ள தங்க நச்சுத்தவளையின் நஞ்சு தோலில் இருக்கிறது. அதை யாரும் குடிப்பதில்லை, ஆனாலும் உயிரியலில் அது பாயிசன்தான். அங்குள்ள எம்பெரா மக்கள் ஊதுகுழல் அம்பின் முனையை அந்தத் தவளையின் முதுகில் தேய்த்து வேட்டைக்குப் போவது வழக்கமாக இருந்தது.

நாணொலி:
அப்படியானால் அதுதான் அசல் டாக்சிகான்!

வேர்தேடி:
தவளைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பாம்புக்குப் பாயிசனஸ் என்று யாராவது எழுதினால் திருத்தத்தான் செய்வேன். லத்தீனைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன், அவ்வளவுதான்.

சொல்லாடி:
திருத்துங்கள், நானும் கூட வருகிறேன்.