ஆகஸ்டில் நம் பள்ளிக்கு வரும் பங்குக் குழு: முடிவு செய்ய வேண்டியவை

அன்பிற்குரிய ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் நான் வழிபடும் பங்கை, அதாவது தேவாலயச் சமூகத்தை, சேர்ந்த பன்னிரண்டு பேர் வரும் ஆகஸ்டில் கிருஷ்ணகிரிக்கு வந்து, நம் ஊர்ப் பள்ளியையும் அருகிலுள்ள வேறு இரண்டு கிறிஸ்தவப் பள்ளிகளையும் பார்த்து உதவ விரும்புவதைச் சென்ற மடலில் தெரிவித்திருந்தேன். குவைத்திலிருந்து பதில் எழுதிய அண்ணன், விமானச் சீட்டுக்கு ஆகும் பணத்தை அப்படியே பள்ளிக்கு அனுப்பிவிடலாமே என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரே தவணையில் வரும் பணம் பெரும்பாலும் சுற்றுச்சுவராகவோ, பெயர் பொறித்த நுழைவாயிலாகவோதான் முடியும். நம் பள்ளி தவிப்பது மாதச் சம்பளத்துக்கு. அரசு ஒப்புதல் பெற்ற பணியிடங்களுக்கு மட்டுமே அரசு சம்பளம் தருகிறது. ஆங்கிலவழிப் பிரிவின் ஆசிரியர்களுக்கும், கணினி, தையல் கற்பிப்போருக்கும், துப்புரவுப் பணியாளருக்கும் நிர்வாகம்தான் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். ஐந்தாண்டுக்கு மாதந்தோறும் தருகிறோம் என்று முகம் தெரியாத பள்ளிக்கு எவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒருமுறை வந்து அந்த ஆசிரியைகளோடு பேசிவிட்டுப் போனவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்பது என் கணிப்பு. அதனால்தான் இந்தப் பயணத்தை நான் ஆதரிக்கிறேன்.

அவர்கள் அனுப்பிய முதல் திட்டத்தில் ஆழ்துளைக் கிணறு ஒன்றும், காலை உணவுத் திட்டம் ஒன்றும் இருந்தன. இரண்டும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். கிராமப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 முதல் முதலமைச்சரின் காலை உணவே கிடைக்கிறது. மதிய உணவு எப்போதும் இருக்கிறது. கிணற்றைப் பற்றி நம்மவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதற்கு நம் தலைமுறையினர் பலருடைய பற்களின் பழுப்புக் கறையே சாட்சி. அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு வருபவர்கள் இன்னொரு ஆழ்துளைக் கிணற்றைத் தோண்டி, அதன்மேல் கல்வெட்டும் பதித்துவிட்டுப் போனால், அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போவது நம் பிள்ளைகள். தண்ணீருக்கென்று ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால், ஒகேனக்கல் நீரைத் தேக்கிவைக்க நல்ல தொட்டியும், வகுப்பறைகளுக்கு அருகில் குழாய்களும் போதும்.

பணம் வரும் வழியில்தான் மிகுந்த கவனம் தேவை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அயல்நாட்டுப் பணத்தைப் பெற முடியும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையிலுள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். அப்படி வந்த பணத்தைப் பெற்ற அமைப்பு வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் அதே திருத்தம் தடை விதிக்கிறது. ஆகவே மூன்று பள்ளிகளும் ஒரே பதிவின்கீழ் வருகின்றனவா என்பது தெரியாமல் ஒரு பவுண்டும் அனுப்பக் கூடாது. பள்ளிக்கு வந்த இடத்தில் விருந்தினர் ஒருவர் மனமிளகித் தலைமையாசிரியர் கையில் ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும், மடிக்கணினிகளைப் பெட்டியில் கொண்டுவந்து பள்ளிக்குக் கொடுத்தாலும் அதுவும் அயல்நாட்டு நன்கொடையே. நிர்வாகச் செலவுக்கு இருபது விழுக்காடு என்ற வரம்பு உண்டு. ஆனால் பள்ளி ஆசிரியர் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது என்பதால், நாம் கேட்கப்போகும் உதவிக்கு அது தடையாகாது.

இதில் நம் குழுவினருக்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. குவைத்திலும் சிங்கப்பூரிலும் இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவர்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. என்னைப் போல் குடியுரிமை மாறி ஓ.சி.ஐ. எனும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருப்பவர்களின் பணம், நாம் ஊர்க்காரர்களே ஆனாலும், அயல்நாட்டுப் பணம்தான். இரண்டையும் ஒரே உண்டியலில் போட்டு அனுப்பும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுவோம்.

சுற்றுலா விசாவில் வருபவர்கள் மறைபரப்புப் பணியில் ஈடுபட முடியாது. ஓ.சி.ஐ. அட்டைதாரர்களும் அதற்குத் தனி அனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச் மாத அறிவிக்கை கூறுகிறது. ஞாயிறு திருப்பலியில் மக்களோடு மக்களாக அமர்வது வேறு, பள்ளி மேடையில் ஏறித் தம் இறைநம்பிக்கைக்குச் சாட்சி சொல்வது வேறு. நம் பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோர் நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை எந்த நன்கொடையைவிடவும் பெரியது.

ஈஸ்டர் விடுமுறையில் வரலாமா என்றுதான் அவர்கள் முதலில் கேட்டார்கள். அப்போது பொதுத் தேர்வுக் காலம் என்பதால் ஆகஸ்டு என்று சொன்னேன்; காலாண்டுத் தேர்வுக்கு முன் ஆசிரியர்களுக்குச் சற்று மூச்சுவிட நேரம் இருக்கும். பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்துப் பூத்தூவும் வரவேற்பும், பறையும் பொய்க்கால் குதிரையும் வேண்டாம் என்று பங்குத்தந்தையிடம் மூத்தோர் யாரேனும் சொல்ல வேண்டும். நான் சொன்னால், சீமைக்குப் போனதும் ஊர் வழக்கம் மறந்துவிட்டது என்பார்கள். இங்கிலாந்தில் பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலர்களின் பின்னணி சரிபார்க்கப்படுவது போல, நம் பள்ளியிலும் ஆசிரியர் ஒருவர் உடனில்லாமல் எந்த விருந்தினரும் பிள்ளைகளோடு தனித்திருக்கக் கூடாது, பெற்றோர் ஒப்புதலின்றிப் படமெடுக்கக் கூடாது என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.

ஊரில் இருப்பவர்கள் யாரேனும் தாளாளரைச் சந்தித்து, பதிவு எந்த அமைப்பின் பெயரில் உள்ளது, எந்த ஆண்டு வரை செல்லும், நிர்வாகம் சம்பளம் தரும் பணியாளர் எத்தனை பேர், மாதம் எவ்வளவு ஆகிறது என்னும் விவரங்களை இம்மாத இறுதிக்குள் தெரிவித்தால், எங்கள் பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் வைத்துவிடுவேன்.