புதுப்பிப்பு: செர்ரி இறாலுக்கு மெட்ரோ தண்ணீர்

மெட்ரோ குழாய்த் தண்ணீரை, அழகுக்கு வளர்க்கும் குட்டி செர்ரி இறால் தொட்டிக்கு எப்படித் தயார் செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும் என்றார்கள் பலர்; ஆர்.ஓ.தான் என்றார்கள் சிலர்.

குளோரின் போக, வாளியில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிடுகிறேன். குளோரின் டெஸ்ட் சொட்டு விட்டால் மஞ்சள் நிறமே வருவதில்லை. குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, லேசில் ஆவியாகாது) கலக்கும் ஊர்க்காரர்களுக்கு இது பலிக்காது, அதை முறிக்கும் கண்டிஷனர் மருந்து கட்டாயம்.

ஆர்.ஓ. யோசனையைக் கைவிட்டாச்சு. அதில் கால்சியம், மெக்னீசியம் கிட்டத்தட்ட இல்லை. தாது உப்பு சேர்க்காவிட்டால் இறால் ஓடு கழற்றத் திணறும். என் குழாய்த் தண்ணீரில் ஜிஎச் (கால்சியம், மெக்னீசியத்தைக் காட்டும் கடினத்தன்மை அளவு) 7. செர்ரிக்கு 6 முதல் 8 தோது, அப்புறம் எதற்கு வெட்டிச் செலவு?

தாமிரம் பற்றி எச்சரித்தவருக்குத் தனி நன்றி. மீன் தாங்கும் அளவே இறாலைக் கொன்றுவிடும். கீசரிலிருந்து தாமிரம் கரைந்து வரலாம் என்பதால் அந்தத் தண்ணீர் பக்கமே போவதில்லை. மீன் மருந்து வாங்கினாலும் காப்பர் சல்பேட் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துவிடுங்கள்.

வாரம் தொட்டித் தண்ணீரில் 10 சதவீதம்தான் மாற்றுகிறேன். ஏர் டியூபில் ஒரு முடிச்சு, புதுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். மளமளவென்று ஊற்றினால் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) சட்டென்று மாறி, இறால் நேரம் வராமலே ஓடு கழற்றிவிடும். இரண்டு பெண் இறால்கள் இப்போது முட்டையோடு திரிகின்றன. குஞ்சுகளை ஃபில்டர் இழுக்காமல் இருக்க ஸ்பான்ஜ் மாட்டியிருக்கிறேன். வேறு வழி தெரிந்தால் சொல்லுங்க.