இங்கிலாந்துக் கிராமத்துக்குக் குடிவந்தவர்களுக்கு: முதலில் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்

"வந்து நாலு மாதம் ஆகிறது அக்கா. எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள், குட் மார்னிங் சொல்கிறார்கள். ஆனால் ஒருத்தர்கூட வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை" என்று டெர்பிஷரில் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை, கணவர், ஐந்து வயதுப் பையன். லண்டன், லெஸ்டர் என்று போனவர்களுக்குக் கோயில் இருக்கிறது, தமிழ்ப் பள்ளி இருக்கிறது, முருங்கைக்காய் கிடைக்கிறது. முந்நூறு வீடு உள்ள ஊரில் ஒரே தமிழ்க் குடும்பமாக இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைக்குள் வந்து சேர்ந்தேன், பதினோரு வருடத்துக்கு முன்னால்.

தங்கை, உங்களை யாரும் ஒதுக்கவில்லை. நம் ஊரில் வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலில் வந்து நின்று, வாய் நிறையச் சொன்னால்தான் அழைப்பு. அழைக்காத விசேஷத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இங்கே ஊர்ப் பொது நிகழ்ச்சிக்கு வீடு வீடாக வந்து அழைக்கிற வழக்கம் இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலோ, ஊர்ப் பொது ஹால் வாசலிலோ கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பலகை இருக்கும். அதில் ஒரு தாள் ஒட்டிவிட்டால் ஊரையே அழைத்தாயிற்று. உங்களையும் சேர்த்துத்தான். முதல் ஆறு மாதம் அந்தப் பலகையைத் தாண்டித்தான் நான் தினமும் பஸ்ஸுக்குப் போனேன். ஒரு நாளும் நின்று படிக்கவில்லை. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

படித்துப் பாருங்கள். சனிக்கிழமை காலை காபி மார்னிங், முதல் வியாழன் பப்பில் க்விஸ், பெண்கள் சங்கமான விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் மாதக் கூட்டம், சர்ச் மணி அடிக்கப் பழக ஆள் தேவை, காணாமல் போன பூனை என்று எல்லாம் அதில் இருக்கும். பலகை இல்லாவிட்டால் பழைய சிவப்பு டெலிபோன் கூண்டைத் தேடுங்கள். 2008லிருந்து பிரிட்டிஷ் டெலிகாம் அந்தக் கூண்டுகளை ஊருக்கு 1 பவுண்டுக்குக் கொடுக்கிறது. எங்கள் ஊரில் அதற்குள் புத்தகங்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். பக்கத்து ஊரில் இதயம் நின்றுபோனால் மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவியை வைத்திருக்கிறார்கள்.

போவது சரி, போய் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வேலை செய்யுங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரை யாருக்கும் நினைவிருக்காது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளி தூக்கியவரை ஊரே பேர் சொல்லிக் கூப்பிடும். இங்கேயும் அதே கதைதான். காபி மார்னிங்குக்குப் போய்க் கோப்பையோடு ஒரு மூலையில் உட்கார்ந்தால் இரண்டு பேர் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு நகர்வார்கள். முடிகிற நேரத்தில் சமையலறைப் பக்கம் போய் "நான் துடைக்கட்டுமா?" என்று கேட்டுத் துண்டைக் கையில் எடுங்கள். ஒருவர் கழுவ, ஒருவர் துடைக்க, அந்த இருபது நிமிடத்தில் பேச்சு தானாக வரும். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் தோழி அந்தக் கழுவுதொட்டி ஓரத்தில் கிடைத்தவர்தான். இப்போது வயது எண்பத்திரண்டு. என் மகள் அவரைப் பாட்டி என்றே கூப்பிடுகிறாள்.

டெர்பிஷருக்கு வந்தவர்களுக்கு இன்னொரு பாக்கியம் உண்டு. வெல் டிரெஸ்ஸிங், அதாவது கிணற்றுக்கும் ஊற்றுக்கும் பூ அலங்காரம் செய்வது. வேறு எங்கும் இவ்வளவு ஊர்களில் நடப்பதில்லை. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை ஊருக்கு ஒரு வாரம். டிஸ்ஸிங்டன் என்ற ஊரில் ஈஸ்டர் ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாளான வியாழனில் தொடங்கும். யூல்கிரேவில் ஜூன் மாதம். 1665இல் வந்த பிளேக் மற்ற ஊர்களுக்குப் பரவாமல் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்ட ஈம் (Eyam) என்ற ஊரில் ஆகஸ்டில். தண்ணீருக்கு நன்றி சொல்லும் வழக்கம். ஆடிப்பெருக்கு கொண்டாடி வளர்ந்த நமக்கு விளக்கம் தேவையில்லை.

வேலை ஒரு வாரத்துக்கு மேல் ஓடும். பெரிய மரப் பலகைகளை முதலில் சில நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். களிமண்ணில் உப்பும் தண்ணீரும் விட்டு, பூட்ஸ் காலோடு மிதித்துப் பதமாக்குவார்கள். சுவர் வைக்க மண் மிதிப்பார்களே, அதே மாதிரி. இந்த வேலைக்குப் பிள்ளைகளை விடுவார்கள், உங்கள் பையனைத் தாராளமாக இறக்கி விடுங்கள். பலகையில் களிமண்ணை அப்பிச் சமன்படுத்திய பிறகு, படம் வரைந்த தாளை மேலே விரித்து ஊசியால் குத்திக் குத்திக் கோட்டை மண்ணில் இறக்குவார்கள். அந்தக் கோட்டின்மேல் ஆல்டர் மரத்தின் சின்னக் கறுப்புக் காய்களையோ காபிக் கொட்டையையோ வரிசையாகப் பதித்தால் ஓரம் கட்டியாயிற்று. அப்புறம் பாசி, விதை, இலை, கடைசியில்தான் பூவிதழ்.

முதல் வருடம் எனக்குக் கொடுத்தது ஒரு சாண் அளவு வானம். நீல ஹைட்ரேஞ்சியாப் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நான் மேலேயிருந்து ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் மெதுவாக என் கையைப் பிடித்துக் கீழ் ஓரத்துக்குக் கொண்டுபோனார். கீழேயிருந்து மேலே, ஒன்றின்மேல் ஒன்று படிந்தமாதிரி வைத்தால்தான், கூரை ஓடு மாதிரி, மழைத் தண்ணீர் வழிந்து ஓடும். இல்லாவிட்டால் இதழுக்குள் தண்ணீர் இறங்கி மண் இளகிவிடும் என்றார். அந்த ஒரு சாணுக்கு மூன்று மணி நேரம் ஆனது. இடுப்பு விட்டுப்போனது. எழுந்தபோது சுற்றி இருந்த பன்னிரண்டு பேரின் பெயரும், யாருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை, யார் பேத்திக்குக் கல்யாணம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்த கை இது. அதற்கு அங்கே வேலை கிடைத்ததில் அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரத்தில் பூ வாடிவிடும், பலகையை எடுத்துவிடுவார்கள்.

பாதிரியார் வந்து ஊற்றை ஆசீர்வதிப்பார். நாம் இந்துவாயிற்றே, முஸ்லிமாயிற்றே என்று தயங்க வேண்டாம். பூ ஒட்டுகிறவர்களில் பாதிப் பேர் சர்ச்சுக்கே போகாதவர்கள். மணி அடிப்பதும் அப்படித்தான். கணக்கில் ஆசை உள்ளவர்களுக்கு அது ஒரு புதையல். ஏழு மணிகளை ஒரே வரிசை திரும்ப வராமல் அடித்தால் 5,040 விதம், முடிக்க மூன்று மணி நேரம் பிடிக்கும். பயிற்சிக்கு ஆள் கிடைக்காமல் பல கோபுரங்கள் தவிக்கின்றன.

சமையல் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பகிர்ந்து சாப்பிடும் விருந்துக்கோ, ஹாலில் விற்பனைக்கோ எதையாவது எடுத்துப்போனால் ஒரு சீட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். இந்த நாட்டுச் சட்டம் ஒவ்வாமை தரும் பதினான்கு பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் கடுகு உண்டு, எள் உண்டு, வேர்க்கடலை, முந்திரி, பால், கோதுமை உண்டு. நம் வீட்டு எலுமிச்சை சாதத்தில் தாளிப்பிலேயே இரண்டு மூன்று வந்துவிடுகிறது. கடுகைப் பற்றி நாம் யோசிக்கவே மாட்டோம். நல்லெண்ணெய் என்றால் எள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். காரத்தைக் குறைப்பதைவிட இந்தச் சீட்டு முக்கியம். ஒரு சின்னப் பையனின் உயிர் விஷயம்.

கோடை விழாவான ஃபேட் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், போனாலே புரிந்துவிடும். தேங்காயைக் கம்பத்தின்மேல் வைத்து மரப்பந்தால் அடித்து விழவைக்கிற விளையாட்டு உண்டு. விழுந்தால் தேங்காய் உங்களுக்கு. என் மகள் ஜெயித்த தேங்காயில் அன்று ராத்திரி சட்னி அரைத்தேன். பப்புக்குப் போனால் குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேசையில் காத்திருக்காமல் கவுண்டருக்குப் போய் லைம் சோடா கேளுங்கள். யாராவது உங்களுக்கு வாங்கித் தந்தால் அடுத்த சுற்று உங்களுடையது, அதை மட்டும் மறக்கக் கூடாது.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு, போர் நினைவுத் தூண் முன்னால் காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். போரில் இறந்தவர்களின் நினைவாக அணியும் சிவப்புப் பாப்பிப் பூவைக் குத்திக்கொண்டு குழந்தையோடு போய் நில்லுங்கள். தூணில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருவதைப் பார்ப்பீர்கள். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சம் பேருக்கு மேல் போனார்கள், மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அதில் உண்டு. அந்த இடத்தில் நாமும் நிற்கலாம், முழு உரிமையோடு.

உரிமை என்றதும் இன்னொன்று. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். முறையான விசாவில் இங்கே வசிக்கும் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு இங்கிலாந்தில் உள்ளூர்த் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வந்த வாரமே பட்டியலில் பெயரைச் சேருங்கள். 1894ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த பாரிஷ் கவுன்சில்தான் இங்கே நம் ஊராட்சி மன்றம். தெருவிளக்கு, விளையாட்டுத் திடல், நடைபாதை என்று அதில் பேசுவார்கள். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே கூட்ட அறிவிப்பை ஒட்டியாக வேண்டும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நிரந்தர வசிப்புரிமை கிடைத்த பிறகு நீங்களே உறுப்பினராக நிற்கலாம்.

தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இங்கே சாதாரண நாளில் இரவு 11 மணியோடு நிறுத்த வேண்டும். தீபாவளி அன்று மட்டும் நள்ளிரவு தாண்டி 1 மணி வரை சட்டமே அனுமதிக்கிறது. ஆனாலும் சுற்றிலும் ஆடும் குதிரையும் நாயும் இருக்கிற ஊர். நாலு நாள் முன்பே அக்கம்பக்கம் சொல்லிவிடுங்கள், சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள். நான் தீபாவளியைவிடப் பொங்கலைத்தான் ஊருக்குத் திறந்து வைப்பேன். ஜனவரியில் இங்கே ஒரு விசேஷமும் இருக்காது, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், எல்லாரும் எங்காவது போகமாட்டோமா என்று இருப்பார்கள். ஹாலை மூன்று மணி நேரத்துக்கு எடுத்து, பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தேன், நாற்பது பேர் வந்தார்கள். பால் பொங்கியபோது எல்லாரும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். முடிந்ததும் யாரும் கிளம்பவில்லை. நாற்காலி மடிக்க, தரை பெருக்க, பாத்திரம் துடைக்க என்று எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. "ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள்" என்று யாராவது சொன்னால் அது அன்புதான், ஆனால் தேதியும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. நீங்களே "வருகிற புதன் நாலு மணிக்கு டீ குடிக்க வருகிறீர்களா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். வடக்கே, எங்கள் டெர்பிஷரிலும், டீ என்றால் சிலருக்கு மாலைச் சாப்பாடு. அதனால் டீயும் கேக்கும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கடையில் "ஏ அப், மீ டக்" என்று கூப்பிட்டால் பதறாதீர்கள். இந்தப் பக்கத்தில் அது நம் "என்னம்மா, எப்படி இருக்கே" மாதிரி. கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும் ஊர்களில் ராத்திரி நிகழ்ச்சிக்கு யாராவது காரில் அழைத்துப்போக முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். அதற்குள் இங்கத்திய ஓட்டுநர் தேர்வில் தேறிவிடுங்கள்.

தங்கை, இந்த வாரம் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பலகையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். எதற்கு முதலில் போகலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.