அறுமீனும் யோபு 38:31உம்

கேள்வி: தைப்பொங்கலையொட்டி ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அறுமீன் (கார்த்திகை நட்சத்திரக் கொத்து) காட்டி, அதின் சங்கிலியை இணைக்க உன்னால் ஏலுமோ எண்டு கடவுள் யோபுவைக் கேட்கிற யோபு 38:31 படிப்பிக்க வேணும். 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெருக்கும், 50 மி.மீ. வில்லை) காணுமோ?

பதில் 1: தாராளமாய். தொலைநோக்கியை விட நல்லம், முழுக்கொத்தும் ஒரே பார்வைக்குள் வரும். இரவு 8 மணிக்கு யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். நின்று பார்த்தால் கழுத்து நோகும், கை நடுங்கும். பாய் விரிச்சுப் படுங்கோ. ரோச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கோ. கண் இருட்டுக்குப் பழக 20–30 நிமிடம். ஒருத்தர் போனைத் திறந்தால் திரும்ப முதலிலிருந்து. அந்தக் காத்திருப்புக்குச் சங்கீதம் 130:6 (விடியலுக்குக் காத்திருக்கிற காவலர் பற்றிய வசனம்) பொருந்தும்.

பதில் 2: அறுமீனிலிருந்து வாற ஒளி சுமார் 440 ஆண்டு பழசு, 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க முன்னமே புறப்பட்டது. ஆனால் அந்த வசனத்தின் சங்கிலியைப் பிடிச்சு, வேதம் விஞ்ஞானத்தை முந்திச் சொல்லிட்டுது எண்டு மட்டும் இழுக்காதேங்கோ. அந்த அதிகாரம் கடவுள் யோபுவின் வாயை அடைக்கக் கேட்கிற கேள்விகள்.

பதில் 3: நிலவு நாளைத் தவிருங்கோ, பாதி மீன் தெரியாது.