நாஸ் பெட்டி தூங்க மாட்டேங்குது, ராத்திரியெல்லாம் டிஸ்க் எழுந்து எழுந்து சுத்துது. உதவி வேணும்

தண்டையார்பேட்டை ஸ்டுடியோ:
வணக்கம். அப்பா காலத்துலேருந்து எடுத்த கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் ரெண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டியில (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி) மிர்ரர்ல, அதாவது ரெண்டு டிஸ்க்லயும் ஒரே காப்பியா இருக்கு. ஸ்டுடியோ கீழ, வீடு மாடியில. பெட்டி இருக்கிறது அம்மா படுக்கிற ரூம்ல. 20 நிமிஷம் யாரும் தொடலைன்னா டிஸ்க் தூங்கற மாதிரி செட்டிங். தூங்குது. கொஞ்ச நேரத்துல 'டக்'குன்னு சத்தம், அப்புறம் விர்ருனு மறுபடி சுத்த ஆரம்பிக்குது. டிவி, லேப்டாப் எல்லாம் ஆஃப் பண்ணியும் அதேதான். அம்மா தூக்கம் கெடுது. டிஸ்க் சீக்கிரம் போயிடுமோன்னும் பயமா இருக்கு.

பெரம்பூர்க்காரன்:
பயம் நியாயம்தான். சும்மா சுத்திட்டே இருந்தாகூட டிஸ்க் தாங்கும், நின்னு நின்னு கிளம்புறதுதான் ஆகாது. டிஸ்க்கோட நிலைமையைக் காட்டுற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல ஸ்டார்ட் ஸ்டாப் கவுன்ட் (எத்தனை தடவை நின்னு கிளம்புச்சுங்கிற கணக்கு) எப்படி ஏறுதுன்னு பாருங்க.

இன்னிக்கு ராத்திரி லேன் கேபிளை உருவிடுங்க. அப்பவும் எழுந்தா காரணம் பெட்டிக்குள்ளயே: தம்ப்நெயில், இன்டெக்ஸ், டாக்கர் மாதிரி பின்னால தானா ஓடற வேலை ஏதாவது. எழலைன்னா வெளியிலேருந்து யாரோ தட்டுறாங்க.

தண்டையார்பேட்டை ஸ்டுடியோ:
கேபிள் இல்லாம விடியற வரைக்கும் எழவே இல்ல.

பெரம்பூர்க்காரன்:
சரி, கேபிளை மாட்டிட்டு ரவுட்டர்ல வர்ற ஃபைபர் லைனை மட்டும் கழட்டுங்க.

தண்டையார்பேட்டை ஸ்டுடியோ:
அப்பவும் தூங்குது! வீட்டுல இருக்கிற எதுவும் காரணமில்லையா?

கொருக்குப்பேட்டை நெட்வொர்க்:
தம்பி, ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத நெட் அட்ரஸ் வாங்கியிருக்கீங்களா?

தண்டையார்பேட்டை ஸ்டுடியோ:
ஆமாண்ணே, பார்ட்டிங்களுக்கு ஆல்பம் லிங்க் அனுப்பறதுக்கு. லாக் பாத்தேன், பதறுது. 'அட்மின் லாகின் தோல்வி', 'ரூட் லாகின் தோல்வி', 'டெஸ்ட் லாகின் தோல்வி'ன்னு பக்கம் பக்கமா போகுது. எல்லாம் வெளிநாட்டு ஐபி. லைன் மாட்டின ஆள் போர்ட் 22-ஐயும் (வெளியிலேருந்து பெட்டிக்குள்ள லாகின் பண்ற வழி) திறந்து விட்டிருக்கார்.

கொருக்குப்பேட்டை நெட்வொர்க்:
அதான் விஷயம். உலகத்துல இருக்கிற பாட் (தானா ஓடற புரோகிராம்) எல்லாம் 22-ஐத் தட்டிட்டே இருக்கும். ஒவ்வொரு தோல்வியையும் பெட்டி லாக்ல எழுதும். பல நாஸ்ல பெட்டியோட சாஃப்ட்வேரும் லாகும் இருக்கிற சிஸ்டம் பார்ட்டிஷன் எல்லா டிஸ்க்கிலும் காப்பியா இருக்கும், அதனால ஒரு வரி எழுதணும்னாலும் ரெண்டும் எழுந்தாகணும்.

தூக்கத்தை விடுங்க, இது அதைவிடப் பெரிய ஆபத்து. 2022-ல டெட்போல்ட்னு ஒரு ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கற புரோகிராம்) இப்படி நெட்டுக்குத் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளாப் பாத்துப் பூட்டிட்டு, 0.03 பிட்காயின் கேட்டது. மிர்ரர் இருக்குன்னு நம்பாதீங்க. ஒண்ணுல பூட்டினா அடுத்ததுலயும் பூட்டியாச்சு. உங்ககிட்ட இருக்கிறது ஊர் ஜனங்களோட கல்யாண ஆல்பம், திரும்ப எடுக்க முடியாது.

ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலேருந்து பெட்டிக்கு வழி விடறது) மொத்தத்தையும் எடுங்க, அந்த வழியைத் தானா திறக்கற யுபிஎன்பியை அணைங்க. 'அட்மின்' அக்கவுன்ட்டை முடக்கிட்டு வேற பேர்ல வைங்க. வெளியிலேருந்து நீங்க பாக்கணும்னா வயர்கார்டு விபிஎன் (உங்களுக்கு மட்டுமான பூட்டின பாதை) போதும். பார்ட்டிக்கு ஆல்பத்தை கிளவுட்ல ஏத்தி லிங்க் கொடுங்க. தனியா ஒரு யுஎஸ்பி டிஸ்க்ல காப்பி எடுத்து வேற வீட்டுல வைங்க.

தண்டையார்பேட்டை ஸ்டுடியோ:
போர்ட் எல்லாம் மூடியாச்சு, ராத்திரி ஒரு தடவைகூட எழலை. காப்பி ஓடிட்டிருக்கு, அக்கா வீடு திருவொற்றியூர்ல, அங்க வைக்கப் போறேன். ரொம்ப நன்றிண்ணே. 20 நிமிஷம் அப்படியே இருக்கலாமா?

பெரம்பூர்க்காரன்:
1 மணி நேரமாக்குங்க. பகல்ல நீங்க எடிட் பண்றப்போ சும்மா சும்மா நின்னு கிளம்பாது.