ஒருக்கா வந்தா வராது எண்டாங்கள், திரும்பவும் வந்திட்டுது

ஒட்டுசுட்டானிலிருந்து:

மூண்டு வருசத்துக்கு முதல் ஒரு அந்தியேட்டிச் சாப்பாட்டோட வீட்டில ஆறு பேருக்கும் சத்தியும் வயித்தோட்டமும். "கொப்பளிப்பான் மாதிரித்தான், ஒருக்கா வந்தா இனி எட்டிப் பாக்காது" எண்டவ அம்மம்மா. போன மாசி திரும்ப அதே கூத்து. மகன் பள்ளிக்கூடத்தால சத்தி எடுத்துக்கொண்டு வந்தான். அடுத்தநாள் விடிய நான், பின்னேரம் மனுசி. வயித்தோட்டத்துக்குக் குடிக்கிற ஜீவனித் தூளைக் கரைச்சுக் குடுக்கவும் ஆளில்லை. அம்மம்மாவும் தப்பேல்ல.

டொக்டர் "நோரோவா இருக்கும், சத்தியும் வயித்தோட்டமும் குடுக்கிற வைரஸ்" எண்டார். பரிசோதிக்கேல்ல, ரெண்டு மூண்டு நாளில தன்பாட்டில மாறிற வருத்தத்துக்கு ஆர் பரிசோதிக்கிறது? பிறகு ஏன் திரும்ப வந்தது எண்டு கேட்டன். நோரோ எண்டது ஒண்டில்லையாம், பெரிய குடும்பமாம். 1968இல் அமெரிக்காவில நோர்வோக் எண்ட ஊர்ப் பள்ளிக்கூடத்தில பரவினதால வந்த பேர். அதில ஒரு வகை சில வருசத்துக்கு ஒருக்கா மேலோட்டை மாத்திக்கொண்டு வரும், பழைய எதிர்ப்புச் சக்திக்கு ஆளை மட்டுப்பிடிக்கேலாது. 2012இல் சிட்னி எண்டு பேர் வைச்ச திரிபு உலகம் முழுக்கச் சுத்தினது. 2014 கடைசியில ஜப்பான், சீனாப் பக்கம் கவசாகி எண்டு வேற வகையில இன்னொண்டு. எங்களுக்கு வந்தது எது எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

நான் ஆசிரியர். எங்கட வகுப்பில ஒரு பிள்ளை சத்தி எடுத்தவுடன கொரோனா காலத்துச் சனிடைசர் போத்தலைத்தான் தூக்கினனான். பிழை. கொரோனாவுக்குக் கொழுப்பு உறை இருக்கு, மதுசாரம் பட்டா உடையும். நோரோவுக்கு அந்த உறையே இல்லை. சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில தேய்ச்சுக் கழுவோணும், நிலத்துக்குக் குளோரின். அந்தக் கிழமை பதினொரு கதிரை வெறுமை.

மாங்குளத்திலிருந்து:

சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு. நான் விசேச வீடுகளுக்குச் சமைக்கிறனான். ஒருக்கா வயித்தோட்டம் நிண்ட அண்டைக்கே கிடாரத்தடிக்குப் போயிட்டன், வாக்குக் குடுத்த வேலை. நிண்டு ரெண்டு நாளாவது சமையலுக்குக் கிட்டப் போகக்கூடாது, சுகமான பிறகும் ரெண்டு கிழமைக்கு மேல மலத்தோட வைரஸ் போகலாம் எண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கட பி.எச்.ஐ. ஐயா பிறகுதான் சொன்னார். அண்டைக்குச் சாப்பிட்ட ஆக்களில எத்தினை பேர் படுத்தினமோ, ஒருத்தரும் வந்து கேக்கேல்ல. நானும் விசாரிக்கேல்ல.

ஒட்டுசுட்டானிலிருந்து:

அண்ணை, எங்கட அந்தியேட்டிக்கு நீங்கள் சமைக்கேல்லத்தானே? பகிடிக்குத்தான். எல்லாத்தையும் அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "அப்ப நான் சொன்னதில என்ன பிழை? வந்தது வேற ஆளெல்லோ" எண்டவ.