எனக்கே முடியாம போனா அம்மாவ யாரு பாக்கறது?

அரவேணு அக்கா:
கோத்தகிரி பக்கம் இருக்கோம்ங்க. அம்மாவுக்கு பார்க்கின்சன் (கை கால் நடுங்கி நடை தடுமாறுற நோய்), நான் ஒருத்திதான் பாத்துக்கறேன், தம்பி திருப்பூர்ல. எனக்கு காய்ச்சல் வந்து எந்திரிக்க முடியாம கெடந்தப்ப பக்கத்து வீட்டு அண்ணி கஞ்சி கொண்டுவந்தாங்க, ஆனா எந்த மாத்திரை எப்பன்னு அவங்களுக்கு தெரியல, எனக்கும் எந்திரிச்சு சொல்ல தெம்பில்ல. ஐப்பசி மழை வேற வருது, மேட்டுப்பாளையம் ரோட்டுல மரம் விழுந்துட்டா தம்பியும் வர முடியாது. நீங்கல்லாம் என்ன ஏற்பாடு வெச்சிருக்கீங்க?

குன்னூர் பேரன்:
ஒரே ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்கக்கா. மாத்திரை பேரு, மில்லிகிராம், மணி, டாக்டர் நம்பர். பார்க்கின்சன் மாத்திரைய திடீர்னு நிறுத்தவே கூடாது, அத மட்டும் சிவப்பு பேனாவுல. அதோட, டாக்டர் சீட்டுல இருக்காத விஷயத்தையும் எழுதுங்க. எங்க தாத்தா வாசப்படிகிட்ட வந்தா கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுவார், தெரியாதவங்க கைய புடிச்சு இழுத்தா விழுந்துடுவார், "ஒண்ணு ரெண்டு"ன்னு எண்ணினா தானா நகருவார். சாப்பிடறப்ப நிமிந்து உக்காரணும், படுக்க வெச்சு தண்ணி குடுக்கக் கூடாது. இதெல்லாம் நமக்கு பழகிப்போச்சு, அண்ணிக்கு எப்படி தெரியும்?

மலைக்காத்து:
பேப்பர் சரி, ஆனா நீங்க நல்லா இருக்கறப்பவே ஒரு சாயங்காலம் அண்ணிகிட்ட முழுசா விட்டுட்டு வெளிய போயிட்டு வாங்க. அப்பத்தான் எங்க இடிக்குதுன்னு தெரியும். சாவி ஒண்ணு அவங்ககிட்டயே இருக்கட்டும்.

ஊட்டி சித்தப்பா:
எல்லாரும் வாட்சப் குரூப்னு சொல்வாங்க, மழையில கரண்ட் போனா டவரும் போயிடும்மா. நம்ம நீலகிரியில 2009 நவம்பர்ல வந்த மண்சரிவு ஞாபகம் இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. ரெண்டு வாரத்துக்கு மாத்திரை கூடுதலா வெச்சுக்கங்க. 108 வரும், ஆனா மலைரோட்டுல நேரம் புடிக்கும், அதனால தெருவுல ஜீப் வெச்சிருக்கறவர் நம்பரையும் பேப்பர்ல எழுதுங்க. ரோடு அடைச்சா 1077, அது கலெக்டர் ஆபீஸ் பேரிடர் நம்பர். வீடு தேடி வந்து பாக்கற அரசு திட்டம், மக்களைத் தேடி மருத்துவம், அதுல அம்மா பேர குடுத்துட்டீங்களா? 2021லேருந்து இருக்கு, உடற்பயிற்சி குடுக்கற பிசியோவும் வீட்டுக்கே வருவாங்க.

அரவேணு அக்கா:
குடுக்கலைங்க, நாளைக்கு சுகாதார நிலையத்துல கேக்கறேன். ஒரு சந்தேகம், ரெண்டு வாரம் கூடுதலா மெடிக்கல்ல குடுப்பாங்களா?

குன்னூர் பேரன்:
அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்டயே சொல்லி சீட்டுல கூட்டி எழுதி வாங்கிக்கோங்க. பழைய மாத்திரை அட்டைய மொதல்ல தீத்துடுங்க, இல்லன்னா காலாவதியாகி கெடக்கும்.